பிழையில்லாத நானூற்றுத் தொண்ணூற்றெட்டு நாள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, எல்கடுவத் தோட்டத்து மேற்பிரிவைச் சேர்ந்த மாடசாமி, தான் உயிரோடு இருக்கச் சாத்தியமே இல்லை என்று சொல்லும் அறிக்கையைப் பெற்றுக்கொள்வதற்காக, இரண்டு பஸ் மாறி பலாபத்வலைக்கு வந்து சேர்ந்தார். கூட மனைவி கிருஷ்ணம்மா.

அறிக்கை நல்ல தடித்த தாளில் இருந்தது. மேலே பொன்னிறத்தில் ‘சர்வ நிச்சய மருத்துவ ஆய்வுகூடம்’. கீழே பொட்டாசியம் பதினொன்று தசம் ஆறு. மனிதனுக்கு நாலு, நாலரை இருந்தால் போதும். ஏழைத் தாண்டினாலே இதயம் தாளம் தப்பும். பதினொன்றரைக்குப் போனவர்களிடம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துப் பார்க்க வழியில்லை. கல்சியமோ, இருந்ததாக ஒரு மரியாதைக்குக் குறிப்பிடப்பட்டிருந்தது.

ஆய்வுகூடத்தின் நிறுவுநரும் பணிப்பாளருமான நோபர்ட் தானே எழுந்து வந்து கதிரையை இழுத்துப் போட்டார். அவர் பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’ உண்டு. அது தபாலில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் சான்றிதழைவிட அதன் கண்ணாடிச் சட்டம் பெரியது, பார்ப்பவர்கள் சட்டத்தையே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கலாநிதிப் பட்டம் வந்த நாளிலிருந்து அவர் வாயில் எழுத்துத் தமிழ்தான்.

"அமருங்கள். அசையாதீர்கள். எவ்வாறு வந்தீர்கள்?"

"பஸ்ல தாங்க ஐயா."

"பஸ்ஸிலா! இந்தப் பொட்டாசியத்தோடா?"

"இல்லீங்க, இவளோடதான்."

கிருஷ்ணம்மா அதைக் கேட்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு வெற்றுப் படச்சட்டம் தொங்கியது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலை.

"யாருங்க ஐயா தவறிட்டாங்க? பூவு போட்டிருக்கு, ஆளக் காணோம்."

அந்தச் சட்டத்துக்கு ஒரு கதை உண்டு. ஆய்வுகூடம் தொடங்கிய புதிதில், வரவேற்பில் இருந்த டயனா என்ற பிள்ளை, இரண்டு பேருடைய பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டதாகத் தானே வந்து சொன்னாள். நோபர்ட் அவளுடைய படத்தைச் சட்டம் போட்டு, சட்டத்தின் கீழே ‘இம்மாதப் பிழையாளர்’ என்று எழுதி, மாலையும் போட்டு மாட்டினார். தர முகாமைத்துவம் என்றார். டயனா மூன்றாம் நாள் வேலையை விட்டாள். படத்தை எடுத்துக்கொண்டு போனாள், சட்டத்தை விட்டுவிட்டாள். சட்டம் அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அன்றிலிருந்து ஒரு பிழையும் நடக்கவில்லை. பக்கத்திலேயே அதற்கொரு பலகை: ‘பிழையின்றி 498 நாட்கள்.’ எண் அட்டைகளைத் தினமும் காலையில் மாற்றுவார்கள். வியாழக்கிழமை ஐந்நூறு. பிரதம விருந்தினர் வருகிறார். ஐந்நூறுக்கென்று பொன்னிறத்தில் தனி அட்டைகள் அடித்து வந்திருந்தன.

மாடசாமிக்கும் வியாழக்கிழமைதான் முக்கியம். பதினொரு மாதம் காத்திருந்து கிடைத்த குடலிறக்க ஒப்பரேசன் அன்றைக்கு. இருமல் வந்தால் ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே இருமி, தும்மலை மட்டும் எப்படியோ அடக்கி, பதினொரு மாதத்தை ஓட்டியிருந்தார். இரத்த அறிக்கை புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குள் வார்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேதி வேறொருவருக்குப் போகும். இவருக்கு மறுபடி ஒரு வருசம், மறுபடி அந்தக் கை.

"இத டொக்டர்கிட்டக் காட்டினா வெட்டுவாங்களா ஐயா?"

"வெட்டமாட்டார்கள். இந்த அறிக்கை உள்ளவருக்கு அறுவைச் சிகிச்சை அவசியமில்லை."

"அப்ப நல்லாயிட்டேனா?"

"அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்."

உள்ளே இருந்து நிரோஜா வந்தாள். இரத்தத்தைப் பரிசோதிக்கப் படித்து வந்திருந்த ஒரே ஆள் அவள்தான். நாலு நாளைக்கு முன் எல்கடுவத் தோட்டத்தில் நடந்த முகாமில் மாடசாமியின் கையில் ஊசி குத்தியதும் அவள்தான். அறிக்கையை ஒரு தரம் பார்த்தாள், ஆளை ஒரு தரம் பார்த்தாள்.

"சேர், இது இவரோட நோயில்ல. பொட்டாசியம் ஏறி, கல்சியம் காணாமப் போனா, ஊதா மூடி டியூப்புல இருக்கிற உப்பு கலந்திருக்கு. ரத்தம் உறையாம இருக்கத்தான் அந்த உப்பு. அதுவே பொட்டாசியம்தான், கல்சியத்தையும் பிடிச்சு வச்சிக்கும். இத சிவப்பு மூடி டியூப்புல பாக்கணும். எங்கயோ ரெண்டும் கலந்துருச்சு."

"நீங்கள் சொல்வது ஒரு பிழை, நிரோஜா."

"ஆமா சேர், பிழைதான்."

"இங்கே பிழை நடப்பதில்லை. அதோ எழுதியிருக்கிறது."

மற்ற மூன்று பேரும் பலகையைப் பார்த்தார்கள். எழுதித்தான் இருந்தது.

நிரோஜா மாடசாமியின் மற்றக் கையில் புதிதாக இரத்தம் எடுத்தாள். ஒரு மணி நேரத்தில் பொட்டாசியம் நாலு தசம் மூன்று. கல்சியம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. இனி அச்சடித்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கொம்பியூட்டர் மறுத்துவிட்டது.

திரையில் ஒரு சிவப்புப் பெட்டி. ‘முன்னைய பெறுபேற்றுடன் முரண்படுகிறது. வெளியிட முடியாது.’ ஒரே ஆளுடைய இரண்டு பெறுபேறுகள் எட்டாத தூரத்தில் நின்றால் எச்சரிக்கச் சொல்லி நோபர்ட்தான் அந்த ஏற்பாட்டைப் போட்டிருந்தார். நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டில் எது சரி என்று கொம்பியூட்டருக்குத் தெரியாது, எது முதலில் வந்தது என்று மட்டும் தெரியும். அந்த வகையில் அது கிட்டத்தட்ட ஓர் அரசாங்க அலுவலர். பழைய பெறுபேறு பிழை என்று பணிப்பாளர் படிவத்தில் கையொப்பமிட்டால் வழி விடும். கையொப்பமிட்ட கணத்தில் பலகை பூச்சியமாகும்.

"ஒரு கையெழுத்துதான் சேர்."

நோபர்ட் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகத்தில் ஒளி இருந்தது.

"இவரைப் புதிய நோயாளியாகப் பதிவோம். மாடசாமி, இரண்டாமவர். முன்னைய பெறுபேறே இராது. முரண்பாடும் இராது."

கிருஷ்ணம்மா கிளினிக் கொப்பியை மேசையில் வைத்தாள். "இதுல ஒரு ஆளு, ஒரு நம்பர்தான் ஐயா இருக்கு. ரெண்டு மாடசாமின்னா எவன வெட்டுவாங்க? எவனுக்கு நான் சோறு கொண்டு போறது? இருக்கிற ஒன்னையே என்னால சமாளிக்க முடியல."

"அவ்வாறாயின் வெள்ளிக்கிழமை வாருங்கள். வெள்ளிக்கிழமை முதல் பிழைகளைப் பரிசீலிக்க நான் தயாராக இருக்கிறேன்."

"வியாழக்கிழம ஒப்பரேசனுங்க."

"விழாவும் வியாழக்கிழமைதான்," என்றார் நோபர்ட், இருவருக்கும் ஒரே துன்பம் என்பதுபோல.

மறுநாள் காலை பலகையில் 499 ஏறியது. ஏற்றியவர் றொபின்சன். அறுபத்திரண்டு வயது. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக முப்பத்தொரு வருசம் தேயிலைக் கொழுந்து நிறுத்தவர், ஓய்வுக்குப் பிறகு இங்கே உதவியாளர். முகாம்களில் நிரோஜா எடுத்துக் கொடுக்கிற டியூப்களுக்குப் பெயர் ஒட்டி, அடுக்கி, பெட்டியில் வைப்பது அவர் வேலை.

பின்பக்கம் அவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது நிரோஜா தன் கோப்பையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பிழை விட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு இந்தக் கட்டடத்தில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது நாளாக ஒரே பதில்தான்.

"அங்கிள், அன்னைக்கு மாடசாமியோட டியூப்ப உங்க கையில தந்தேனே. அதுக்குப் பிறகு என்ன நடந்துச்சு, ஒவ்வொன்னாச் சொல்லுங்க."

றொபின்சன் சந்தோசமாகச் சொன்னார். இவ்வளவு நாளில் அவர் வேலையைப் பற்றி அவரிடம் யாரும் விசாரித்ததில்லை.

"அந்தாளுக்கு நரம்பு கெடைக்காம நீங்க பட்ட பாடு தெரியுந்தானே மிஸ். செவப்பு மூடி பாதிதான் வந்துச்சு. கோட்டுக்கு வரல. பக்கத்துல பாத்தா ஊதா மூடி கோட்டுக்கு மேல நிக்குது. ஒரே ஆளோட ரத்தம். அதுல கொஞ்சம் எடுத்து இதுல ஊத்தி, கோட்டுக்குக் கொண்டாந்து விட்டேன்."

"ஊத்தி விட்டீங்க."

"பின்ன? பாவம், கஸ்டப்பட்டு வந்த மனுசன். அரைப் பேருக்கு விட முடியுமா?"

மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று ஒரு நோம் இருக்கிறது. எட்டினால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; எட்டாவிட்டால் அரைப் பேர். நிறுக்கும் நேரம் ஒருத்தியின் சாக்கு ஒரு கிலோ குறைந்தால், அடுத்து நிற்பவள் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போடுவாள். அந்த நேரம் பார்த்துத் தராசுக்காரருக்கு வானத்தைப் பார்க்க வேண்டி வரும். முப்பத்தொரு வருசம் மழை வருமா என்று பார்த்த மனிதர் றொபின்சன். அவர் கையில் அரைப் பேரோடு வீட்டுக்குப் போனவர்கள் குறைவு. கோட்டுக்கு வராத ஒரு டியூப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது.

"இதுக்கு முந்தி யாருக்காவது செஞ்சிருக்கீங்களா?"

"இல்ல மிஸ். கோடு போட்ட டியூப்பு இந்த முகாமுக்குத்தானே வந்துச்சு. கோடு இல்லாதப்ப எவ்வளவு வேணும்னு எனக்கென்ன தெரியும்?"

"ஒன்னுல இருந்து ஒன்னுக்கு ஊத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லலியா?"

"அந்தப் பெரிய புத்தகத்துல இருக்குமாயிருக்கும். அது கண்ணாடி அலுமாரியில பூட்டிக் கெடக்கு. முதுகு மட்டுந்தான் தெரியுது."

உப்பு, பொட்டாசியம், கல்சியம் எல்லாவற்றையும் நிரோஜா விளக்கிச் சொன்னாள். கேட்கக் கேட்க அவருடைய தேத்தண்ணி ஆறியது.

"அப்ப நேத்து அந்தாள அலைய வச்சது நானா?" அவர் தலையைத் திருப்பி, கதவு வழியே தெரிந்த வெற்றுச் சட்டத்தைப் பார்த்தார். "டயனா புள்ளையோட படத்துக்கு நான்தான் மிஸ் ஆணி அடிச்சேன்."

"பாதி டியூப்ப, பாதின்னு வாயத் தொறந்து சொல்லாம உங்க கையில தந்தது நான். மாட்டுறதா இருந்தா ரெண்டு பேரையும் மாட்டட்டும்."

"பிரேம் சின்னது மிஸ்."

"நெருங்கி நிப்போம்."

பதினொரு மணிக்கு மாடசாமியும் கிருஷ்ணம்மாவும் வந்து சேர்ந்தபோது, நிரோஜாவும் றொபின்சனும் நோபர்ட்டின் மேசை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்கள். நோபர்ட் விரல் நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக்கொண்டார்.

"இது வாய்மொழி. விஞ்ஞானத்தில் வாய்மொழி செல்லாது. ஆதாரம் எங்கே?"

"அவரே சொல்றாரு சேர், ஊத்தினேன்னு."

"ஊற்றியிருக்கலாம். அதனால்தான் இந்த எண் வந்தது என்பதற்கு என்ன நிச்சயம்? எமது பெயரிலேயே நிச்சயம் இருக்கிறது."

கிருஷ்ணம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்று மணிக்கு இன்னும் நாலு மணி நேரம்.

"ஐயா, மலையில தராசு மேல சந்தேகம் வந்தா, நாங்க கொழுந்தத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்க மாட்டோம். கங்காணிய ஏறி நிக்கச் சொல்லுவோம். அந்தாளு எத்தன கிலோன்னு தோட்டத்துக்கே தெரியும். அதுல கூடக் கொறையக் காட்டினா தராசு கோளாறு." சுற்றிப் பார்த்தாள். "இங்க கங்காணி யாரு?"

எல்லோரும் நோபர்ட்டைப் பார்த்தார்கள்.

அவருடைய எடை, அதாவது அவருடைய பொட்டாசியம், தெரிந்த விசயம்தான். போன மாதம் பார்த்த அறிக்கை லாச்சியில் இருந்தது. அது கொழும்பு அறிக்கை. தன் இரத்தத்தை அவர் எப்போதும் கொழும்புக்குத்தான் அனுப்புவார். அது யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டும் இருந்தார். நிரோஜா லாச்சியைத் திறந்து எடுத்து மேசையில் வைத்தாள். நாலு தசம் இரண்டு.

"எனது நிறுவனத்தின் மீது எனக்குப் பூரண நம்பிக்கை உண்டு," என்று சொல்லி நோபர்ட் சேட்டுக் கையை மடித்தார். பிரதம விருந்தினர் முன்னால் மடிப்பதற்கு ஒத்திகை பார்ப்பதுபோல நிதானமாக மடித்தார்.

நிரோஜா சிவப்பு மூடியில் பாதியும், ஊதா மூடியில் நிறையவும் எடுத்தாள். றொபின்சன் எல்லோருக்கும் தெரியும்படி ஊதாவிலிருந்து சிவப்புக்குக் கோடு வரைக்கும் ஊற்றினார். ஊற்றும்போது பழக்கதோசத்தில் கண் கூரைக்குப் போனது. நோபர்ட் இரண்டு அடி தூரத்தில் நின்று, தன் கண்ணாலேயே பார்த்தார்.

ஒரு மணி நேரம் கழித்து மெசின் சொன்னது: பொட்டாசியம் பதினொன்று தசம் ஒன்பது. கல்சியம் விசாரிக்க வேண்டாம்.

"பாத்தீங்களா சேர்?" என்றாள் நிரோஜா.

நோபர்ட் பார்த்துவிட்டார். அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. கதிரை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உட்கார்ந்தார்.

"நிரோஜா... இது எப்போதிலிருந்து?"

"சேர், இப்ப ஊத்தினதுதானே! நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க!"

"பார்த்தேன். ஆனால் அறிக்கையில் வந்திருக்கிறதே." நெற்றி வியர்த்துவிட்டது. "நானூற்றுத் தொண்ணூற்றொன்பது நாளாக இந்த மெசின் பொய் சொன்னதில்லை."

பக்கத்துக் கதிரையில் இருந்த மாடசாமி இரக்கத்தோடு அவர் பக்கம் சாய்ந்தார். "பயப்படாதீங்க ஐயா. மொத நாளு அப்பிடித்தான் இருக்கும். நேத்து எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. பொறவு சோறு தின்னேன், சரியாயிருச்சு."

"உங்களுக்குப் பதினொன்று தசம் ஆறுதான்," என்றார் நோபர்ட், சாகும் நேரத்திலும் முன்னுரிமையை விட்டுக்கொடுக்காமல்.

அவசரமாக அவருக்கு மறுபடி இரத்தம் எடுக்கப்பட்டது. இந்தத் தடவை ஊற்றல் இல்லை. அந்த ஒரு மணி நேரமும் அவர் அசையாமல், மாடசாமிக்குத் தான் சொன்ன புத்திமதிப்படியே இருந்தார். பெறுபேறு நாலு தசம் இரண்டு. கொழும்புக்குச் சரி. அவர் எழுந்து மூச்சு விட்டு, "அச்சடியுங்கள்!" என்றார்.

சிவப்புப் பெட்டி வந்தது. முன்னைய பெறுபேற்றுடன் முரண்படுகிறது. வெளியிட முடியாது.

"நான் உயிரோடு இருக்கிறேன்!" என்று நோபர்ட் கொம்பியூட்டரிடம் சொன்னார். அது ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்தில் ஒன்று இல்லாதவரை அவருக்கே அதில் முழு நம்பிக்கை வரவில்லை.

"படிவத்தைக் கொண்டு வாருங்கள்."

படிவம் இல்லை. பிழை நடக்காத இடத்தில் பிழைப் படிவம் எதற்கு? அது பெரிய புத்தகத்தின் பின்னிணைப்பில், இருநூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது. அலுமாரித் திறப்பு நோபர்ட்டின் மோட்டார் சைக்கிள் திறப்போடு ஒரே சாவிக்கொத்தில் கோக்கப்பட்டிருந்தது. புத்தகம் முதல் தடவையாக வெளியே வந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நிரோஜா பிரித்துக்கொண்டு போகையில், முப்பத்தொன்பதாம் பக்கத்தில் ‘ஒரு குழாயிலிருந்து மற்றொன்றுக்கு எக்காரணம் கொண்டும் ஊற்றலாகாது’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. றொபின்சன் அதை எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாக வாசித்தார்.

"நல்ல புத்தகம்," என்றார்.

படிவத்தில் இரண்டு பிரதி எடுத்து வைத்ததும் நோபர்ட் தன் பெயருள்ளதை இழுத்தார். கிருஷ்ணம்மா அதன்மேல் கையை வைத்தாள்.

"மொதல்ல இவரோடது ஐயா. நேத்துல இருந்து வரிசையில நிக்கிறாரு."

நோபர்ட் மாடசாமியின் படிவத்தில் கையொப்பமிட்டார். இரண்டு மணி ஐந்து நிமிடம். அறிக்கை சூட்டோடு வெளியே வந்தது. கிருஷ்ணம்மா அதைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து, கொப்பியைச் சேலைக்குள் செருகி, புருசனை ஒரு கையால் இழுத்துக்கொண்டு வீதிக்கு ஓடினாள். மாடசாமி ஓடவில்லை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதுபோல நடந்தார். பத்து நிமிடம் மிச்சமிருக்க வார்டில் கொடுத்தார்கள்.

றொபின்சன் ஏணியில் ஏறி 499-ஐக் கழற்றினார். பழைய பூச்சிய அட்டை நானூற்றுத் தொண்ணூறிலேயே கிழிந்துபோயிருந்ததால், ஐந்நூறுக்கு வந்திருந்த பொன் பூச்சியங்களில் ஒன்றை மாட்டினார்.

வியாழக்கிழமை மாடசாமி ஒப்பரேசன் தியேட்டரில் மல்லாந்து படுத்திருந்த அதே நேரத்தில், பிரதம விருந்தினர் ஆய்வுகூடத்தினுள் நுழைந்தார். தகதகக்கும் பூச்சியத்தைப் பார்த்தார், வருடக்கணக்கில் ஒரு பிழைகூட இல்லாததைப் பத்து நிமிடம் பாராட்டினார். நோபர்ட் திருத்த வாயெடுத்து, பிறகு எடுத்த வாயால் நன்றி சொன்னார். மாலையோடு தயாராக இருந்த வெற்றுச் சட்டம் தனக்குத்தான் என்று விருந்தினர் நினைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் தன் படத்தை அனுப்பி வைத்தார். அது அங்கேயே தொங்குகிறது. கீழே எழுதியிருந்த வரியை அழிக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நோபர்ட் திருந்தினாரா என்றால், திருந்துவதிலும் அவருக்கு முதலிடம் வேண்டியிருந்தது. பிழையை மறைக்காமல் சொல்வதே உலகத் தரம் என்று எங்கோ வாசித்துவிட்டு, ஆளுக்கு வாரம் மூன்று பிழை கட்டாயம் எழுதித் தர வேண்டும் என்று கட்டளை போட்டார். குறைந்தால் விளக்கம் கேட்பாராம். வந்தவற்றில் பாதி குப்பை. மீதியில், குளிர்சாதனப் பெட்டிக் கதவு சரியாக மூடாதது, ஒரே மேசையில் இரண்டு பேருக்குப் பெயர் ஒட்டுவது எல்லாம் இருந்தன. நிரோஜா அவற்றைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். ஊதா மூடிகளுக்கு இப்போது தனித் தட்டு, சிவப்புக்குத் தனித் தட்டு. குறைந்து வந்த டியூப்பில் ‘பாதி’ என்று எழுதுவார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மாடசாமி இரு கைகளையும் தாராளமாக வீசிக்கொண்டு உள்ளே வந்தார். வாசலிலேயே ஒரு தும்மல் வந்தது. அடக்கவில்லை. மறுபரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு எழுந்தபோது, றொபின்சன் ஒரு தாளோடு பக்கத்தில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"என்ன சொணங்கி நிக்கிறீங்க கணக்கப்பிள்ளை?"

"இந்த வாரத்துக்கு ரெண்டுதான் சேந்துச்சு மாடசாமி. ஒன்னு கொறையுது. நாலு மணிக்குக் குடுக்கணும்."

மாடசாமி சுற்றிப் பார்த்தார். பிறகு தான் எழுந்த கதிரையை ஒரு விரலால் அழுத்திக் காட்டினார்.

"இதுக்கு ஒரு காலு ஆடுது. போட்டுக்கங்க."

கொஞ்சம் தள்ளி, நிரோஜா ஜன்னல் வழியாக மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.